'சர்ஜ்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? புயல் எச்சரிக்கைக்காகக் கேட்கிறேன்

வேதைக் கடலோரம்:
எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி பிறப்பதற்குள் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் கொடுப்பதற்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறோம். புயல் வந்தால் எப்போது கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும் என்று ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். காற்றும் மழையும் சுலபமாகத் தமிழில் வந்துவிட்டன. 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற இடத்தில் வந்து நிற்கிறோம்.

அகராதியில் எழுச்சி, பொங்குதல், பேரலை, திடீர் அதிகரிப்பு என்று பல பொருள் இருக்கிறது. செய்திகளில் ஒருநாள் 'கடல் சீற்றம்', மறுநாள் 'ராட்சத அலை', இன்னொரு நாள் 'புயல் அலை'. எதைப் போட்டால் எங்கள் ஊர் ஆயாவுக்குப் புரியும்? இதே 'சர்ஜ்' கரண்டுக்கும் வருகிறது, வாடகைக் கார் கட்டணத்துக்கும் வருகிறது. அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள்தான் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்வேர்:
நல்ல கேள்வி. அடியிலிருந்து வருகிறேன்.

'சர்ஜ்' லத்தீன் மொழியின் 'சுர்கெரே' என்ற வினையிலிருந்து வந்தது. 'எழு, மேலே வா' என்று பொருள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஊற்று என்ற பொருளில் இருந்தது, பிறகு கடலில் எழும் பெரிய அலைக்குப் பெயரானது. விலை, எண்ணிக்கை, தேவை இவற்றின் திடீர் உயர்வுக்கு வந்ததெல்லாம் பின்னாளில்தான். அதாவது பிறப்பிலேயே இது தண்ணீர்ச் சொல். இன்சர்ஜென்ட், ரிசரெக்‌ஷன், சோர்ஸ் ஆகியவை ஒரே குடும்பம். சர்ஜன் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது 'கைவேலை' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பயன்பாட்டுக்கு வருவோம். திடீர் உயர்வைச் சொல்ல ஆங்கிலத்தில் நிறைய சொற்கள் உண்டு. 'ஸ்பைக்' என்றால் வரைபடத்தில் ஊசி மாதிரி ஏறி உடனே இறங்குவது. 'ஜம்ப்' ஒரே தாவல். 'சோர்' உயர உயரப் போய்க்கொண்டே இருப்பது. 'சர்ஜ்' என்றால் பின்னாலிருந்து ஏதோ ஒரு விசை தள்ள, ஒரு திரளே எழுந்து முன்னேறுவது. அந்தத் தள்ளலும் திரளும்தான் அதன் உயிர்.

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது, தேவையும் இல்லை. எது எழுகிறதோ அதற்கு ஏற்ற வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோபம் பொங்கும். விலை எகிறும், அல்லது கிடுகிடுவென ஏறும். கூட்டம் முண்டியடிக்கும். ஆறு பெருகும். 'எ சர்ஜ் ஆஃப் ஆங்கர்' என்பதைக் 'கோபத்தின் எழுச்சி' என்று எழுதுபவர்கள் 'கோபம் பொங்கியது' என்ற நம் வாக்கியத்தை மறந்துவிடுகிறார்கள். ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: புயலின்போது கடல் என்ன செய்கிறது?

லைன்மேன் மகன்:
சொல்வேர் ஐயா சொன்னது கரண்டுக்கும் பொருந்தும். அங்கேயும் 'சர்ஜ்' என்ற சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு பணத்தை இழக்கிறவர்கள் நிறைய.

மின்சாரத்தில் சர்ஜ் என்பது கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்துக்கு மின்னழுத்தம் பல மடங்கு ஏறி இறங்குவது. மைக்ரோ விநாடிக் கணக்கு. பக்கத்தில் இடி விழுந்தாலோ, பெரிய மோட்டார் நின்றாலோ, லைனை ஆஃப் செய்து ஆன் செய்தாலோ வரும். சர்ஜ் புரொடெக்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்னப் பாகம் அந்த நொடித்துளியில் அதிகப்படியை உறிஞ்சி மடைமாற்றிவிடும்.

ஆனால் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் கதையே வேறு. 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரை வரும், யாராவது வந்து நிறுத்தும்வரை வந்துகொண்டே இருக்கும். சனங்கள் இதையும் 'சர்ஜ்' என்றுதான் சொல்கிறார்கள். 'சர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தேனே, டிவி எப்படிப் போச்சு' என்று கேட்பார்கள். நீண்ட நேரம் நிற்கும் ஹை வோல்டேஜுக்கு அந்தச் சின்னப் பெட்டி தாங்காது, அதுவே எரிந்துபோகும். அதற்கு வேண்டியது ஹை கட் உள்ள, அதாவது வோல்டேஜ் அளவுக்கு மீறினால் தானே கரண்டைத் துண்டிக்கும் ஸ்டெபிலைசர். ஏறிய அழுத்தம் உடனே இறங்குமா, நிற்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் கடல் விஷயத்திலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாம்பலம் பயணி:
கட்டண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சர்ஜ் ப்ரைசிங்' என்பதைப் பலரும் 'உச்ச நேரக் கட்டணம்' என்று எழுதுகிறார்கள். அது 'பீக் அவர்' என்பதற்குத்தான் சரி. காலை 9 மணி உச்ச நேரம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். சர்ஜ் அப்படியில்லை. மதியம் மூன்று மணிக்குச் சடாரென்று மழை பிடித்தால், வண்டி கேட்பவர்கள் கூடி வண்டிகள் குறைந்தால், அந்த நிமிடமே ஏறும். 2014 டிசம்பரில் சிட்னியில் ஒரு காபி கடையில் பணயக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்தபோது மக்கள் அந்தப் பகுதியை விட்டு வெளியேற வண்டி கேட்டார்கள். ஊபரின் கணினி அதையும் வெறும் 'தேவை' என்று கணக்கிட்டுக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றியது. கண்டனம் கிளம்பிய பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2020 விதிகளில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2025இல் அதை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். 'தேவை ஏற்றக் கட்டணம்' என்று எழுதலாம் என்பது என் யோசனை. சரி, நீங்கள் கடலுக்கு வாருங்கள்.

தூரதேசி:
வேதைக் கடலோரம், உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு டாக்லோபான் நகரம்தான் ஞாபகம் வந்தது. இந்த ஒரு சொல்லால் என்ன நடந்தது என்பதை உங்கள் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2013 நவம்பர் 8. ஹையான் புயல், அங்கே யோலாண்டா என்பார்கள், பிலிப்பைன்ஸின் சமார், லெய்டே தீவுகளைத் தாக்கியது. அந்த நாட்டு வானிலைத் துறை தூங்கவில்லை. 7 மீட்டர் வரை 'ஸ்டார்ம் சர்ஜ்' வரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. அதே ஆங்கிலச் சொல்தான், மாற்றமில்லாமல்.

மக்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. காற்று பலமாக இருக்கும் என்று புரிந்துகொண்டார்கள். ஆண்டுக்கு இருபது புயலைப் பார்க்கும் நாடு, காற்றுக்குப் பழகியவர்கள். கூரையைக் கட்டினார்கள், சுவர் பலமாக உள்ள கட்டடத்துக்குப் போனார்கள். வீட்டைக் காக்க ஆண்கள் தங்கிவிட்டார்கள். காற்றைத் தாங்கும் என்று நம்பிப் போன சில பாதுகாப்பு மையங்களே கடலோரத் தாழ்வில் இருந்தன. டாக்லோபான் இருப்பது ஒரு விரிகுடாவின் குறுகிய மூலையில். காற்று தள்ளிய தண்ணீர் போக வழியில்லாமல் அங்கே குவிந்து, ஒரு மாடி உயரத்துக்கும் மேல் நகருக்குள் ஏறியது. நாடு முழுவதும் அரசுக் கணக்கில் 6,300 பேர் இறந்தார்கள்.

பிழைத்தவர்கள் பலர் பிறகு சொன்னது ஒன்றுதான். 'சுனாமி மாதிரி தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்.' இத்தனைக்கும் அதே பகுதியில் 1897இலும் ஒரு புயலில் கடல் இப்படி ஏறியிருக்கிறது. ஊரின் நினைவில் அது தங்கவில்லை, தங்கவைக்க ஒரு சொல்லும் இல்லை. அறிவியல் தவறவில்லை, கணிப்பு தவறவில்லை. சொல்லிய சொல்தான் போய்ச் சேரவில்லை.

செய்தி மேசை:
பத்திரிகையில் இருப்பவன் என்ற முறையில் 'கடல் சீற்றம்' எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். இரவு பதினோரு மணிக்கு ஆங்கில அறிக்கை வரும். பக்கம் முடிய அரை மணி நேரம் இருக்கும். 'ரஃப் சீ' என்பதற்கும் 'ஹை வேவ்' என்பதற்கும் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்பதற்கும் கைக்கு முதலில் வரும் சொல் 'கடல் சீற்றம்'. ஒரு பத்தித் தலைப்பில் அழகாக அடங்கும். மூன்றும் வேறு வேறு என்பது உதவி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

கூட்ட விபத்துச் செய்திகளில் இதற்கு நேர்மாறான அனுபவம் உண்டு. 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இதேவோன் சந்தில் 159 பேர் இறந்தபோது ஆங்கிலத்தில் 'ஸ்டாம்பீட்' என்பதா, 'க்ரவுட் சர்ஜ்' என்பதா என்று பெரிய வாதம் நடந்தது. யாரும் ஓடவில்லை, மிதிபடவில்லை. நின்ற இடத்திலேயே நசுங்கி மூச்சு முட்டி இறந்தார்கள் என்பதால் 'ஸ்டாம்பீட்' தவறு என்றார்கள். தமிழில் 'நெரிசல்' என்று எழுதினோம், ஒரு குழப்பமும் வரவில்லை. நடந்தது அந்தச் சொல்லிலேயே இருந்தது. அப்படி ஒரு சொல் கடலுக்கும் வேண்டும்.

வேதைக் கடலோரம்:
செய்தி மேசை அண்ணே, 'கடல் சீற்றம்' எங்கள் பக்கம் எப்படிக் கேட்கப்படுகிறது தெரியுமா? வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வொரு தாழ்வழுத்தத்துக்கும் டிவியில் 'கடல் சீற்றத்துடன் காணப்படும்' என்று ஓடும். அதைப் பார்த்ததும் ஆண்கள் கரைக்குப் போவார்கள். ஃபைபர் படகை இன்னும் மேலே இழுத்துக் கட்டுவார்கள், எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், வலையை மேட்டில் போடுவார்கள். பிறகு கரையிலேயே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அதுதான் சரியான வேலை. ஆனால் உண்மையான சர்ஜுக்கும் அதே சொல் வந்தால், கரைக்கு வரக்கூடாத நேரத்தில் கரைக்கு வரவைத்துவிடும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அலை இல்லை. கடலே ஏறி வந்துவிட்டுப் போயிருக்கிறது.

மட்டுநகரான்:
வணக்கம். நாங்கள் இலங்கையில் பள்ளிக்கூடத்தில் 'டைட்' என்பதற்கு 'வற்றுப்பெருக்கு' என்று படித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'ஓதம்' என்று இருக்கிறது. வற்றும், பெருகும், சொல்லைக் கேட்டாலே காரியம் விளங்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியைப் பற்றிப் பேசும் எங்கள் பெரியவர்களும் காற்றையும் 'தண்ணி ஏறினதையும்' தனித்தனியாகத்தான் சொல்வார்கள். 'புயல் பெருக்கு' என்று சொன்னால் என்ன? ஆடிப்பெருக்கு என்று ஆற்றுக்கு உங்களிடமும் இருக்கிறதுதானே.

சொல்வேர்:
'புயல் பெருக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது. 'பெருக்கு' என்றால் அளவு கூடி இடத்தை நிரப்புவது. 'அலை' என்பதில் அது இல்லை. அலை வந்தால் திரும்பிப் போய்விடும் என்ற எண்ணம் தானாக வரும். ஒரு தயக்கம் மட்டும் உண்டு. ஆடிப்பெருக்கு நமக்கு மங்கலமான நாள், கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும் நாள். அபாயத்தைச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல் தனியாக நின்றால் அச்சம் வருமா? 'கடல் ஏற்றம்' என்பதையும் யோசியுங்கள். 'கடல்கோள்' இலக்கியத்தில் இருக்கிறது, ஆனால் நிலம் நிரந்தரமாகப் போய்விட்டதைச் சொல்வது அது.

ஒலிபெயர்ப்பு:
எதற்கு இவ்வளவு சிரமம்? 'சர்ஜ்' என்றே போடுங்கள். 'சுனாமி' ஜப்பானியச் சொல்தானே, இன்று குழந்தைக்கும் தெரிகிறதே.

வேதைக் கடலோரம்:
சுனாமி என்ற சொல்லை நாங்கள் 2004 டிசம்பர் 26 அன்று கற்றுக்கொண்டோம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். இன்னொரு சொல்லை அப்படிக் கற்க விடக்கூடாது என்பதற்குத்தான் இந்தத் துண்டறிக்கை.

குமரி முனை:
ஒரு சொல் எப்படி வெல்லும் என்பதற்கு எங்கள் பக்கமே உதாரணம் இருக்கிறது. 'கள்ளக்கடல்'. கேரளக் கடலோர மீனவர்கள் காலங்காலமாகச் சொல்வது. காற்றே இல்லாமல், மழையே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போது கடல் திருட்டுத்தனமாக ஏறி வந்து வீட்டுக்குள் நுழையும். காரணம் தெற்கே வெகு தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயற்காற்று. அங்கே கிளம்பிய நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். ஆங்கிலத்தில் 'ஸ்வெல் சர்ஜ்' என்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோவே 'கள்ளக்கடல்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இன்று அந்தப் பெயரில்தான் எச்சரிக்கை வெளியிடுகிறது.

அந்தப் பெயருக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிறது பாருங்கள். தெளிந்த வானத்தை நம்பாதே என்கிறது. ஆனாலும் பெயர் மட்டும் போதாது. 2024 மே மாதம் அந்த எச்சரிக்கை இருந்தபோதே கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் இறங்கிய ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தார்கள். வெளியூர்க்காரர்கள். கடலோரத்தில் பிறந்தவனுக்கு ஒரு சொல் போதும், வெளியூரிலிருந்து வருபவனுக்கு முழு வாக்கியம் வேண்டும்.

அலையியல்:
கடல்சார் படிப்பு படிப்பவள் நான். கடல் என்ன செய்கிறது என்று சொல்வேர் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

புயல் காற்று மணிக்கணக்கில் கடலின் மேற்பரப்பைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கித் திரும்பிவிடும். ஆழம் குறைந்த கடலில் திரும்ப இடமில்லை, அதனால் குவிகிறது. மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் கொஞ்சம் உயரும், ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அது சின்னப் பங்குதான், பெரும்பங்கு காற்றின் தள்ளல். இப்படி உயர்ந்த கடலின் மேலேதான் வழக்கமான புயல் அலைகள் வந்து மோதும். அந்த நேரத்தில் உயர் ஓதமும் சேர்ந்தால் அதுவும் கூடும். வங்கக் கடலின் வட பகுதி ஆழம் குறைந்து புனல் வடிவில் குறுகுவதால்தான் 1970 போலா புயலில் லட்சக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாவில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே போய்க் குறைந்தது பத்தாயிரம் பேரைக் கொன்றது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும் அந்தப் பயணிகள் ரயிலையும் கொண்டுபோனதும் இதுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். இது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டும் இல்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் அமெரிக்கர்களுக்கும் 'ஸ்டார்ம் சர்ஜ்' புரியவில்லை. 2005இல் கத்ரீனா புயல் மிசிசிப்பிக் கரையில் 8 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றியது. 2008இல் ஐக் புயல் வந்தபோது அது வெறும் இரண்டாம் வகைப் புயல்தானே என்று தங்கியவர்கள் உண்டு. காற்றின் வகையை வைத்தே தண்ணீரையும் எடைபோட்டார்கள். அதனால் 2010இல் புயல் வகைப் பட்டியலிலிருந்து சர்ஜைப் பிரித்தெடுத்தார்கள். 2017 முதல் அதற்கென்று தனி எச்சரிக்கை கொடுக்கிறார்கள். அதில் உயரத்தைத் தரை மட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்று சொல்கிறார்கள், கடல் மட்டத்திலிருந்து அல்ல. நிற்கும் இடத்தில் தண்ணீர் எங்கே வரும் என்றால்தான் மனிதனுக்குப் புரியும்.

நம் வானிலைத் துறை அறிக்கையில் 'வழக்கமான ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர், தாழ்வான பகுதிகள் மூழ்கலாம்' என்ற மாதிரி வரும். அந்த ஒரு மீட்டரை அப்படியே முழங்கால், இடுப்பு என்று மாற்றிவிடாதீர்கள். உங்கள் தெரு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது. 2004இலும் கஜாவிலும் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேதைக் கடலோரம்:
தங்கச்சி, இதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. நேற்று இரவு எல்லோரும் உட்கார்ந்து எழுதியது இது. தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

'புயல் பெருக்கு – கடல் ஊருக்குள் ஏறும். புயல் கரையைக் கடக்கும்போது காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வரும். இது அடித்துவிட்டுத் திரும்பும் அலை இல்லை. தண்ணீர் ஏறும், பல மணி நேரம் நிற்கும். படகையோ வலையையோ பார்க்கக் கரைக்குப் போகாதீர்கள். பலமான வீடாக இருந்தாலும் தாழ்வில் இருந்தால் தங்காதீர்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டில் உள்ள பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள்.'

'கடல் ஊருக்குள் ஏறும்' என்பதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறோம். பக்கத்து வீட்டு ஆயாவிடம் படித்துக் காட்டினேன். 'சுனாமி மாதிரியா, மெதுவா வருமா' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் இதில் இல்லை.

அலையியல்:
ஆயா கேட்டது மிகச் சரியான கேள்வி அண்ணா. சுனாமிக்குக் காரணம் நிலநடுக்கம், சில மணி நேரமோ சில நிமிடமோதான் அவகாசம் கிடைக்கும். இதற்குப் புயல்தான் காரணம், நாட்கணக்கில் முன்கூட்டியே தெரியும். தண்ணீர் முதலில் மெதுவாக ஏறும், மையம் நெருங்கும்போது மளமளவென்று ஏறிவிடும். 'ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்' என்று நினைத்தால் அதற்குள் சாலை மூழ்கியிருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு திருத்தம். 'கரையைக் கடக்கும்போது' என்பதைக் 'கடப்பதற்கு முன்பே' என்று மாற்றுங்கள். அப்புறம், கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயல் என்றால் பொதுவாக அது கடக்கும் இடத்துக்கு வடக்குப் பக்கம்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், தண்ணீரும் அங்கேதான் அதிகம் ஏறும். 'நமக்குத் தெற்கே கடக்கிறது, நமக்கு ஒன்றுமில்லை' என்ற பேச்சை எங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறேன்.

செய்தி மேசை:
நானும் ஒன்று செய்கிறேன். எங்கள் பிரிவில் ஒட்டியிருக்கும் கலைச்சொல் தாளில் மூன்றையும் பிரித்து எழுதிவிட்டேன். 'ரஃப் சீ' கடல் சீற்றம். 'ஹை வேவ்' உயர் அலை. 'ஸ்டார்ம் சர்ஜ்' புயல் பெருக்கு, முதல் முறை வரும் இடத்தில் 'கடல் ஊருக்குள் ஏறும் அபாயம்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். எல்லோரும் கடைப்பிடிக்கச் சில காலம் ஆகும், விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

வேதைக் கடலோரம்:
எல்லாத் திருத்தத்தையும் சேர்த்துவிட்டோம். வடக்குப் பக்க விஷயத்துக்குத் தனியாக ஒரு பெட்டி போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேறு குப்பங்களுக்கு வேண்டுபவர்கள் கேளுங்கள், கோப்பை அனுப்புகிறேன். ஊர்ப் பெயர், மேடான இடம், பாதுகாப்பு மையம், பழைய தண்ணீர் அடையாளம் இந்த நான்கை மட்டும் உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.